எழும்பூர்க் கண்ணாடி

மேடவாக்கம் கூட்ரோட்டில் இரண்டு டீக்கடையும் ஒரு சைக்கிள் கடையும் மட்டும் இருந்த எழுபதுகளில், தடித்த கண்ணாடி போட்ட பெரியவர் யாராவது பஸ்ஸை விட்டு இறங்கினால், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பெயரையோ ஊரையோ கேட்பதற்கு முன்னால் "எழும்பூர்ல எடுத்தீங்களா?" என்றுதான் கேட்பார்கள். எதை எடுத்தீர்கள் என்று விளக்கிக் கேட்க வேண்டியதில்லை. புரை விழுந்த கண்ணுக்கு எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனவர்களின் முகத்தில், ஆயுள் முழுக்க இறங்காமல் ஏறி உட்கார்ந்துகொண்ட கண்ணாடி அது. சோடாபுட்டி என்று பள்ளிக்கூடத்துப் பையன்கள் நாங்கள் சொல்வோம். எங்கள் ஆயாவுக்குக் கேட்காத தூரத்தில் நின்றுதான் சொல்வோம்.

அந்தக் கண்ணாடி ஏன் அவ்வளவு தடிமன் என்பதற்கு நியாயமான காரணம் இருந்தது. கண்மணிக்குப் பின்னால் நுங்கு போலத் தெளிவாக இருக்க வேண்டிய லென்ஸ் கலங்கிப்போனால், அன்றைய டாக்டர்கள் அதை உறையோடு அப்படியே வெளியே எடுத்துவிடுவார்கள். எடுத்த இடத்தில் வைக்க எதுவும் கிடையாது. உள்ளே காலியான இடத்தின் வேலையை வெளியே மூக்கின்மேல் இருக்கும் பிளஸ் பத்து பவர் கண்ணாடி செய்தாக வேண்டும். அது செய்யத்தான் செய்தது. எல்லாவற்றையும் ஏறக்குறைய கால் பங்கு பெரிதாக்கி, கிட்டே கொண்டுவந்து காட்டியது. ஆயா காப்பி டம்ளருக்குக் கை நீட்டினால் டம்ளருக்கு முன்னாலேயே விரல்கள் மூடிக்கொள்ளும். வாசற்படியில் காலைத் தூக்கி வைப்பவர், "இந்தப் படி எப்பப்பா இவ்ளோ மேல வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். ஓரப் பார்வையில் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் வருகிற ஆள் திடீரென்று முளைத்து வந்து நிற்பார். ஆனாலும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பூதாகரமாய்த் தெரிந்த ஆயாவின் கண்கள் எங்களை அடையாளம் கண்டுகொண்ட நாள், வீட்டில் பாயசம் வைத்த நாள்.

ஆயாவின் புரையை முதலில் கண்டுபிடித்தது ரேஷன் அரிசிதான். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவதில் எங்கள் தெருவில் அவருக்கு நிகர் கிடையாது. அப்படிப்பட்டவர் பொறுக்கிய அரிசியில் ஒரு நாள் தாத்தாவுக்குக் கல் கடிபட்டது, பிறகு அப்பாவுக்கு, பிறகு விருந்துக்கு வந்திருந்த மாமாவுக்கு. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் முறத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு மார்கழி வந்தது; வாசலில் ஆயா போட்ட கோலத்தில் இழைகள் புள்ளிகளை விட்டு விலகி ஓடின. கருநீலப் புடவையில் வந்து நின்ற அத்தையைப் பார்த்து, "வெள்ளிக்கிழம அதுவுமா கறுப்பு கட்டுவியா?" என்று கடிந்துகொண்டார். புரை முற்ற முற்ற லென்ஸ் மஞ்சளித்துப் பழுப்பாகும், நீலத்தை அது வடிகட்டிவிடும் என்று அத்தைக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆயாவின் கண்ணில் ஏதோ சரியில்லை என்பது மட்டும் அன்று தெருவுக்கே தெரிந்தது. வெயில் ஏறினால் ஏரிக்கரைப் பக்கம் போகமாட்டேன், கண் கூசுகிறது என்று வேறு சொன்னார்.

இதற்கு நடுவே ஓர் அதிசயமும் நடந்தது. வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் சுவரில் தொங்கிய காலண்டரை எட்டிப் பிடித்து ராகு காலம் படித்தார் ஆயா. கண் திரும்பி வந்துவிட்டது என்று அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். கண்ணுக்கு நல்லது என்று முருங்கைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் ஆய்ந்து போட்ட பெரியம்மா அந்தப் பெருமையில் தெருவையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். லென்ஸின் நடுப்பகுதி கெட்டிப்படும்போது கண்ணுக்கு மைனஸ் பவர் ஏறும், அதனால் கிட்டத்துப் பார்வை கொஞ்ச நாள் தெளிந்து தூரத்துப் பார்வை மங்கும் என்பதைப் பிற்காலத்தில் ஒரு கண் டாக்டர் எனக்குச் சொன்னார். அன்றைய பொங்கலின் தித்திப்பு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இன்றைக்கும் அடிக்கடி கண்ணாடிப் பவர் மாறுகிறது என்றாலோ, அறுபது வயதில் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க வருகிறது என்றாலோ, கொண்டாடிவிட்டு அடுத்த வாரம் கண்ணைக் காட்டிவிடுவது நல்லது.

அதற்குப் பிறகு ஊர் கூடிச் சொன்ன தீர்ப்பு ஒன்றுதான்: "நல்லா பழுக்கட்டும்." மாங்காயைச் சொல்கிறார்களோ என்று குழந்தைகள் நாங்கள் மயங்கும் அளவுக்கு அந்த வார்த்தை வீட்டில் அடிபட்டது. பழுக்காத புரையை எடுத்தால் மிச்சம் மீதி உள்ளே தங்கிவிடும் என்ற பழைய மருத்துவத்தின் பயம் ஒரு பக்கம். அரைகுறைப் புரையோடு தெரிகிற பார்வையைவிட ஆபரேஷனுக்குப் பிந்தைய சோடாபுட்டிப் பார்வை பெரிய லாபம் ஒன்றுமில்லை என்ற கணக்கு இன்னொரு பக்கம். இப்படிக் காத்திருந்தே எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் திண்ணையில் இருட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்குப் புரை அளவுக்கு மீறி முற்றி, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, கண் சிவந்து வலித்து, திரும்ப வராமலே போயிற்று. வயல் வேலையில் நெல்தாள் குத்தியும், நன்மங்கலத்துப் பக்கம் கல் உடைக்கையில் சில்லு தெறித்தும் முப்பது வயதிலேயே ஒரு கண்ணில் புரை வாங்கிக்கொண்டவர்களும் எங்களூரில் இருந்தார்கள். இன்னொரு கண் இருக்கிறதே என்று அவர்கள் எழும்பூருக்கே போகவில்லை.

எழும்பூருக்குப் போவதென்றால் அது ஒரு யாத்திரை. தாம்பரத்துக்கு பஸ், அங்கிருந்து 1931 முதல் ஓடிக்கொண்டிருந்த மீட்டர்கேஜ் மின்சார ரயில், எழும்பூரில் இறங்கி நடை. ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு போகும் பொறுப்பு எனக்கு. நான் பார்த்த முதல் பெரிய ஆஸ்பத்திரி, உலகத்திலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று என்று அந்த வயதில் யார் எனக்குச் சொல்லியிருக்கப் போகிறார்கள்? லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை 1805-இல் தொடங்கியது. 1819-இல் சென்னை ராயப்பேட்டையில் தொடங்கிப் பிறகு எழும்பூருக்கு வந்தது இது. இது வருவதற்கு முன்னும், வந்த பிறகு வெகுகாலமும், ஊர் ஊராய்ப் போய்க் கூர்முனையால் கலங்கிய லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிட்டுப் போகும் நாட்டுக் கண் வைத்தியர்கள் இருந்தார்கள். தள்ளிய நிமிஷத்தில் வெளிச்சம் தெரியும். கூலியை வாங்கிக்கொண்டு வைத்தியர் அடுத்த ஊருக்குப் போனபின் கண் சீழ் பிடிக்கும். அப்படிக் கெட்டு வந்த கண்களை எழும்பூரில் ஏராளமாகப் பார்த்த எலியட் என்ற கண்காணிப்பாளர், அந்த முறையைப் பற்றியே 1917-இல் லண்டனில் உரையாற்றி, அதைப் புத்தகமாகவும் போட்டார். தஞ்சாவூரிலோ சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் விவரக்குறிப்புகள், கண் படங்களோடு, சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. கண்ணுக்காக அலைந்த ஆயாக்களின் வரிசை மிக நீளம்.

ஆபரேஷன் ஆன ஆயா மல்லாந்து கிடந்தார். தலை அசையாமல் இரண்டு பக்கமும் மணல் மூட்டை. இருமக் கூடாது, தும்மக் கூடாது, சிரிக்கவே கூடாது என்றார் நர்ஸ். சித்தி கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினார். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை தினத்தந்தி படித்துக் காட்டுவது. தலைப்புச் செய்தி, கோர்ட் செய்தி, ராசிபலன் எல்லாம் முடிந்ததும் ஆயா "சிந்துபாத் எங்க நிக்கிறான்?" என்பார். 1960-இலிருந்து வந்துகொண்டிருந்த கன்னித்தீவு படக்கதையின் அன்றைய கட்டங்களை நான் வாயாலேயே வரைந்து காட்ட வேண்டும். கடல் எந்தப் பக்கம், கத்தி எந்தக் கையில் என்றெல்லாம் குறுக்குக் கேள்வி வரும். பக்கத்துக் கட்டில்காரர்களும் கட்டுப்போட்ட முகத்தோடு காதைக் கொடுத்துக் கேட்பார்கள். எனக்கு அன்று கிடைத்த மரியாதை அதற்குப் பிறகு எந்த மேடையிலும் கிடைத்ததில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒன்றரை மாசம் அவர்தான் மகாராணி. தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்பங்கரைப் பக்கம் வரக் கூடாது, குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. பிறந்ததிலிருந்து குனிந்தே வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்த விடுமுறை அது. சித்தாலப்பாக்கத்திலிருந்தும் வேங்கைவாசலிலிருந்தும் உறவுக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக நடந்தே வந்தார்கள்.

சோடாபுட்டி எங்கள் ஊரிலிருந்து மறைந்த கதை, லண்டனில் தொடங்கி மதுரை வழியாக வந்த கதை. இரண்டாம் உலகப் போரில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் தங்கியும் கண் அதை எதிர்க்காமல் சும்மா இருந்ததைக் கவனித்தார் ஹெரால்டு ரிட்லி. 1949 நவம்பரில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். சக டாக்டர்கள் பலர் பல வருஷம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 1967-இல் அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன், பல் டாக்டர் பல்லைச் சுத்தம் செய்யும் அதிர்வுக் கருவியைப் பார்த்து, அதே அதிர்வால் புரையைக் கண்ணுக்குள்ளேயே உடைத்து உறிஞ்சி எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். இன்று டாக்டர்கள் பேகோ என்று சொல்வது அதைத்தான். ஆனால் லென்ஸ் அப்போது வெளிநாட்டுச் சரக்கு. மேடவாக்கத்து ஆயாக்களுக்கு எட்டாத விலை.

அந்த விலையை உடைத்தவர்கள் மதுரைக்காரர்கள். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கத்தி பிடிக்கத் தன்னைப் பழக்கிக்கொண்ட டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்று, 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-இல் அவர்களே ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தில் லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். விலை படிப்படியாக இறங்கி, இலவச முகாமுக்கு வரும் கூலிக்காரருக்கும் கண்ணுக்குள் லென்ஸ் என்ற காலம் வந்தது. நம் தலைமுறையில் தமிழ்நாட்டில் நடந்த ஆகப் பெரிய காரியங்களில் இது ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

இப்போது கூட்ரோட்டில் நின்றால் ஏரியும் தெரியாது, வயலும் தெரியாது. 2022-இல் திறந்த மேம்பாலம் தெரியும், மெட்ரோ ரயிலுக்கான தூண்கள் தெரியும், பார்த்த திசையிலெல்லாம் ஒரு கண் ஆஸ்பத்திரிப் பலகை தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி இரவில் வண்டி ஓட்டி வரும்போது, எதிரே வரும் விளக்குகள் ஒவ்வொன்றும் கதிர் விரித்துக் கண்ணில் தெறிக்க ஆரம்பித்ததும், என் மனைவியின் மாந்தளிர் நிறப் புடவை வேறொரு நிறமாகத் தெரிந்ததும், எனக்கு ஆயாவின் வெள்ளிக்கிழமைதான் ஞாபகம் வந்தது. நானே போய்க் கண்ணைக் காட்டினேன்.

பரிசோதனை என்பது இப்போது மெஷின் மெஷினாக நகர்வது. முதல் மெஷினுக்குள் நீண்ட சாலையின் முடிவில் ஒரு பலூன் நிற்கும். பவர் பார்க்கப் போனவர்கள் எல்லோருக்கும் பழக்கமான பலூன். பிறகு கண்மணியை விரிக்க மருந்து. விரியும் வரை கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள். தாடையைத் தாங்கியில் வைத்தால் மெல்லிய ஒளிக்கீற்றால் டாக்டர் லென்ஸைக் குறுக்காக வெட்டிப் பார்க்கிறார். கண்ணழுத்தம், விழித்திரை, கண்ணின் நீளம், உள்ளே வைக்க வேண்டிய லென்ஸின் பவர், எல்லாம் அளக்கிறார்கள். கண்ணீர்ப் பாதையில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் செலுத்தும்போது தொண்டையில் உப்புக் கரிக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்காமல் யாரும் கத்தி எடுப்பதில்லை. கடைசியில் ஒரு தனி அறையில் லென்ஸ் வகைகளின் விலைப்பட்டியல். ஒரே தூரத்துக்கான சாதாரண லென்ஸ், உருளைப் பவரைச் சரிசெய்யும் லென்ஸ், கிட்டமும் தூரமும் காட்டும் லென்ஸ். இரவில் வண்டி ஓட்டுகிறவருக்குக் கடைசி வகை விளக்கைச் சுற்றி வளையம் காட்டக்கூடும் என்று டாக்டர் வெளிப்படையாகச் சொன்னார். சாதாரண லென்ஸை வைத்துக்கொண்டு படிக்க ஒரு கண்ணாடி போட்டுக்கொள்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

ஆபரேஷன் கால் மணி நேரம். ஊசிகூட இல்லை, மரத்துப்போகச் சொட்டு மருந்துதான். "மேல லைட்டயே பாருங்க சார்" என்ற குரல், கண்ணில் ஓடும் தண்ணீர், மெஷினின் சன்னமான ரீங்காரம். தையலே தேவைப்படாத, மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு வெட்டு. மடித்த லென்ஸ் அதன் வழியே உள்ளே போய் விரிந்துகொண்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தேன். மணல் மூட்டை இல்லை, நர்ஸின் அதட்டல் இல்லை, சாத்துக்குடியும் இல்லை. யாரும் வரவில்லை, வரவேண்டிய அவசியமும் இல்லை. வாட்ஸப்பில் கைகூப்பிய பொம்மைகள் வந்தன. வெளிநாட்டிலிருக்கும் மகன் வீடியோவில் வந்து, "அப்பா, கறுப்புக் கண்ணாடி சூப்பரா இருக்கு" என்றான். சொட்டு மருந்து நேரத்தை போன் மணியடித்துச் சொன்னது. அன்று பேப்பரை எனக்குப் படித்துக் காட்ட ஒரு பையன் இருந்திருக்கலாம் என்று மனசு ஏங்கியது.

மறுநாள் வெள்ளை வெள்ளையாக இருந்தது. வானம் இவ்வளவு நீலமா என்று மாடியில் வெகுநேரம் நின்றேன். பிரெஞ்சு ஓவியர் மோனே 1923-இல் புரை எடுத்துக்கொண்ட பிறகு உலகம் மிகவும் நீலமாகத் தெரிகிறது என்று தவித்தாராம். நான் தவிக்கவில்லை, அனுபவித்தேன். மின்விசிறியின் இறக்கையில் தூசியும், கண்ணாடியில் என் முகத்துச் சுருக்கங்களும் அன்றுதான் தெரிந்தன.

என் கவலை வேறு. புரையை எடுப்பது இவ்வளவு எளிதான இந்தக் காலத்தில், புரையைக் கண்டுகொள்வது முன்னைவிடக் கடினமாகிவிட்டது. பாக்கெட் அரிசியில் கல் கிடையாது. வாசலில் ஒட்டுக் கோலம். போனில் எழுத்தை வேண்டுமட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம், டிவியோ சுவரளவு, அறை முழுக்க எல்இடி வெளிச்சம். ஆயாவைக் காட்டிக்கொடுத்த ஒவ்வொன்றையும் நாம் வீட்டிலிருந்து வெளியேற்றிவிட்டோம். பெரும்பாக்கத்திலும் சந்தோஷபுரத்திலும் அடுக்குமாடி வீடுகளில் இரண்டே பேராக வாழும் பெரியவர்கள் சாயங்கால நடையை நிறுத்துகிறார்கள், கேட்டால் முட்டி வலி என்கிறார்கள். கடைசிப் படி தெரியாமல் தடுக்கி விழுகிறார்கள், வயசாச்சு என்கிறோம். இன்சுலின் ஊசியில் கோடு தெரியாமல் உத்தேசமாக ஏற்றிக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். புரைக்கு வலி கிடையாது. இரண்டு கண்ணில் ஒன்று நன்றாக இருந்தால் மற்றது மங்கியது அவருக்கே தெரியாது.

முதுமைக்கு மட்டும் உரியதும் இல்லை இது. சர்க்கரை உள்ளவர்களுக்கும், ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கும், புகை பிடிப்பவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் முன்னதாகவே வரும். கரைக்கும் சொட்டு மருந்து என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். அப்படி நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை. பழுக்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அன்றாடக் காரியம் தடைப்படுகிறது என்றால் அதுவே எடுக்க வேண்டிய நேரம். மங்கலெல்லாம் புரையும் அல்ல, கண்ணழுத்த நோயாகவோ விழித்திரைக் கோளாறாகவோ இருக்கலாம், ஆகவே மருந்துவிட்டு முழுதாகப் பார்க்க வேண்டும். எடுத்த பிறகு வலியோ சிவப்போ பார்வைக் குறைவோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். மாதங்களோ வருஷங்களோ கழித்துத் திரும்ப மங்கினால் பயம் வேண்டாம். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு மங்கியிருக்கும், லேசரால் சில நிமிஷத்தில் சரிசெய்துவிடுவார்கள். பணம் ஒரு தடை என்றால் அரசு ஆஸ்பத்திரியில் லென்ஸோடு சேர்த்தே இலவசமாகச் செய்கிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவரை வெளிச்சமான இடத்தில் உட்காரவைத்து, உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர் வீட்டுக் கதவு எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணை. எந்தக் கண் தயங்கினாலும் திங்கட்கிழமை அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், காரில் ஏற்றி அனுப்பிவிடாமல் நீங்களும் கூடப் போங்கள்.